புற்றுநோயும் மூளையும்: மாறியது குணமா, உடம்பா?

புற்றுநோய்ச் சிகிச்சை என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருபவை சில உண்டு. முடி கொட்டும், வாந்தி வரும், வாய் புண்ணாகும், உடல் மெலியும். இவற்றை மருத்துவமனையில் தாதியர் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தாரும் தம் பங்குக்குச் சொல்லி வைப்பார்கள். ஆனால் வீட்டில் இருப்பவர்களை அதிகம் குழப்புவது வேறொன்று. "அம்மா முன்பு மாதிரி இல்லை", "அப்பாவுக்குத் தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது", "அண்ணி கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்" என்று குடும்பத்தார் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மருத்துவரிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். நோய் வந்த கவலை, வயதாகிவிட்டது, நேரம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் கிடைத்துவிடுவதால் விஷயம் அங்கேயே நின்றுவிடுகிறது.

மூளையும் உடலின் ஓர் உறுப்புதானே! இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்தாலும், சுண்ணாம்புச் சத்து கூடினாலும், காய்ச்சல் கண்டாலும், மருந்து மாறினாலும் அதன் வேலை தடுமாறும். அந்தத் தடுமாற்றம் பேச்சிலும் நடத்தையிலும்தான் வெளியே தெரியும். புற்றுநோயாளிகளிடம் காணப்படும் இத்தகைய மாற்றங்களில் சில மெல்ல வந்து மெல்லப் போகும். பொறுமை இருந்தால் போதும். சில ஒரே இரவில் வரும். உடனே கவனித்தால் ஓரிரு நாட்களில் தெளிந்துவிடும், விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். எது எந்த வகை என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. ஆனால் மாற்றத்தை முதலில் காண்பவர் வீட்டில் கூட இருப்பவர்தான்.

கீமோ மறதி

அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனவர், கருகிய வாடை வந்த பிறகுதான் திரும்பி வருகிறார். இருபது ஆண்டுகளாகத் தெரிந்த எதிர்வீட்டுக்காரரின் பெயர் வாய் வரை வருகிறது, வெளியே வர மறுக்கிறது. வங்கி அட்டையின் இரகசிய எண் மறந்துபோகிறது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது மகள் ஏதாவது கேட்டால் இரண்டையும் சேர்த்துக் கவனிக்க முடிவதில்லை. கணக்கெழுதும் வேலையில் உள்ளவருக்கு ஒரு பக்கத்தை முடிக்க முன்பு ஆனதைப்போல் இரு மடங்கு நேரம் ஆகிறது. கீமோதெரபி எடுத்துக்கொண்டவர்கள் பலரும் சொல்லும் குறைகள் இவை. 'கீமோ பிரெய்ன்' என்று மேல்நாட்டு நோயாளிகளே இதற்குப் பெயர் வைத்தார்கள்.

முதுமையில் வரும் டிமென்ஷியா வேறு, இது வேறு. டிமென்ஷியாவில் மறந்தோம் என்பதே பலருக்கு மறந்துபோகும். கீமோ மறதி உள்ளவருக்குத் தாம் மறப்பது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் கூசுகிறார், மறைக்கிறார், நாலு பேர் கூடும் இடத்துக்கு வரத் தயங்குகிறார். கல்யாண வீட்டில் யாராவது "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டால் அதைவிடச் சங்கடம் அவருக்கு வேறு இல்லை.

பல ஆண்டுகள் இதை நோயாளிகள் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் வயது என்று பதில் வந்தது. 1990களின் பிற்பகுதியில்தான் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களை முறையாகச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம். டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தார் 2004ல் வெளியிட்ட ஆய்வு ஒரு வியப்பான செய்தியைத் தந்தது. கீமோ மருந்து ஒரு சொட்டுகூட ஏறாத நிலையிலேயே, சோதிக்கப்பட்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நினைவாற்றல் போன்ற திறன்களில் குறை காணப்பட்டது. ஆகவே பழி முழுவதையும் மருந்தின்மேல் போட முடியாது. நோய் உடலில் கிளப்பிவிடும் அழற்சி, அறுவைச் சிகிச்சையின் களைப்பு, தூக்கமின்மை, மனப்பாரம் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு இருக்கக்கூடும்.

மருந்துக்கும் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 581 மார்பகப் புற்றுநோயாளிகளையும் நோயில்லாத 364 பெண்களையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 2017ல் வெளியானது. கீமோ தொடங்குவதற்கு முன் இருந்த நிலையோடு, அது முடிந்து ஆறு மாதமான நிலையை ஒப்பிட்டுக் கேட்டபோது, நோயாளிகளில் நூற்றுக்கு 36.5 பேர் தங்கள் நினைவும் கவனமும் குறைந்துவிட்டதாகக் கூறினர். நோயில்லாத பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 13.6 விழுக்காட்டினர்தான். சிங்கப்பூரிலும் பல இனங்களைச் சேர்ந்த மார்பகப் புற்றுநோயாளிகளைக் குழுக்களாக அமரவைத்துப் பேசவைத்த ஆய்வு ஒன்று 2012ல் வெளியானது. மறதி அவர்களுக்கு இருந்தது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கவில்லை. பெயர் தெரியாத குறையை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

மருந்து மூளையை எப்படித் தொடுகிறது?

மூளைக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர், உடலின் மற்ற இடங்களில் இருப்பதைவிட நெருக்கமானது. கண்ட பொருளும் மூளைக்குள் புகாதபடி அது காவல் நிற்கிறது. கீமோ மருந்துகள் பலவற்றால் இந்தக் காவலைத் தாண்டி அதிகம் உள்ளே போக முடியாது. அப்படியிருந்தும் மூளை பாதிக்கப்படுகிறதே, எப்படி?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் மிஷெல் மோஞ்ஜே என்ற பெண் மருத்துவரின் குழு 2018ல் இதற்கு ஒரு விடையைக் காட்டியது. மெத்தோட்ரெக்சேட் என்பது பல காலமாகப் பயன்பாட்டில் உள்ள கீமோ மருந்து. அதை எலிகளுக்குக் கொடுத்தபோது மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்தெழுந்தன. மருந்து நின்று பல மாதம் ஆகியும் அவை அடங்கவில்லை. அந்தக் கிளர்ச்சியால், நரம்பிழைகளுக்கு மேலுறை போடும் செல்கள் முதிர்ச்சி அடையாமல் நின்றுவிட்டன. மின்கம்பியின் மேலுறை மெலிந்தால் மின்சாரம் ஒழுங்காகப் போகாதல்லவா? அதுபோலத்தான். இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கிளர்ந்தெழுந்த அந்தச் செல்களை வேறொரு மருந்தால் நீக்கியதும் எலிகளின் நினைவாற்றல் மேம்பட்டது. எலியில் நடந்தது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் "எல்லாம் உன் மனப்பிரமை" என்று நோயாளியை இனி யாரும் வாயடைக்க முடியாது.

இதோடு, எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பலவும் உடன் சேர்ந்துகொள்கின்றன. இரத்தச் சோகை, தைராய்டு குறைவு, தூக்கமின்மை, கீமோவால் திடீரென நின்றுபோகும் மாதவிடாய், தூக்கக் கலக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரைகள், வலி மாத்திரைகள் என்று அவை நீளும். ஓர் இரத்தப் பரிசோதனையிலும் மருந்துப் பட்டியலை ஒருமுறை அலசிப் பார்ப்பதிலும் இவற்றில் பாதி வெளிப்பட்டுவிடும். 'கீமோ என்றால் மறதி வரத்தானே செய்யும்' என்று சும்மா இருந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

பலருக்குச் சிகிச்சை முடிந்த ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தெளிவு திரும்புகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இதற்கென்று உறுதியான மாத்திரை எதுவும் இல்லை. தினமும் நடப்பது, இரவில் ஒழுங்காகத் தூங்குவது, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்வது, எதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது, சாவியையும் கைத்தொலைபேசியையும் எப்போதும் ஒரே இடத்தில் வைப்பது ஆகியவை கைகொடுக்கின்றன. நினைவுப் பயிற்சியைச் சில மருத்துவமனைகளில் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் கற்றுத் தருகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூளைக்குச் சக்தி தரும் என்று நேரடி விற்பனைக்காரர்கள் வீடு தேடி வந்து விற்கும் புட்டிகளுக்கு நம் வீடுகளில் குறைவில்லை. அவற்றில் பேர் போனது கிங்கோ. கீமோ எடுத்த பெண்களிடம் அதைச் சோதித்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட அது எந்தப் பயனும் தரவில்லை. போதாக்குறைக்கு இரத்தக் கசிவை அதிகப்படுத்தும் என்ற அச்சமும் அதில் உண்டு. வல்லாரையைத் துவையலாகவோ, மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமாகச் சாப்பிடுவதுபோலவோ உணவோடு சேர்த்துக்கொள்வது ஒன்று. அதையே சாறு பிழிந்து உருண்டையாக்கிக் கூடை கூடையாக விழுங்குவது வேறு. இரண்டாவதைச் செய்வதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பிள்ளைகளின் தலைக்குக் கதிர்

கீமோவைவிடக் கதிர்ச் சிகிச்சை மூளையில் ஆழமான தடம் பதிக்கும். அதற்குச் சான்று, இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் வரலாறு. அந்த நோயின் செல்கள் மூளைக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால் 1960களிலும் 1970களிலும் பிள்ளைகளின் தலைக்கு முன்கூட்டியே கதிர் பாய்ச்சினார்கள். அதுவரை பிழைக்காத பிள்ளைகள் பிழைத்தார்கள். அது பெரிய வெற்றிதான். ஆனால் அவர்கள் பள்ளிக்குத் திரும்பியபோது கணக்கில் பின்தங்கினார்கள், பாடத்தில் கவனம் நிற்கவில்லை, சிலர் உயரமும் வளரவில்லை. சிறு வயதில் கதிர் பட்டவர்களுக்குப் பாதிப்பு அதிகம். பிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் கதிரைக் குறைத்து, முதுகுத்தண்டு வழியாக மருந்து செலுத்தும் முறைக்கு மாறினார்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனை 2009ல் 498 பிள்ளைகளின் கணக்கை வெளியிட்டது. முன்தடுப்புக் கதிர் ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. ஐந்தாண்டுக் கணக்கில் பிழைத்தவர்கள் 93.5 விழுக்காட்டினர்.

பெரியவர்களுக்கு, நோய் மூளைக்குப் பரவியிருந்தால் கதிர் தவிர்க்க முடியாததாகிவிடலாம். நோய் ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால் அந்த இடத்தைக் குறிவைத்துக் கதிர் பாய்ச்ச முடியும். பல இடங்களில் இருந்தால் மூளை முழுவதுக்கும் கொடுப்பார்கள். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி மூளையின் உள்ளே இரு பக்கமும் இருக்கிறது. அதைத் தவிர்த்து மற்ற இடங்களுக்குக் கதிர் கொடுத்தால் நினைவு ஓரளவு காப்பாற்றப்படுகிறது என்றும், ஆயுள் அதனால் குறையவில்லை என்றும் 518 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 2020ல் காட்டியது. எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனால் "என் தகப்பனாருக்கு இப்படிச் செய்ய முடியுமா, டாக்டர்?" என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை.

இரவு மூன்று மணிக்கு வீடு துடைப்பவர்

குடும்பங்களில் அதிகச் சண்டையைக் கிளப்பும் மருந்து கீமோ அன்று. அதோடு சேர்த்துத் தரப்படும் ஸ்டெராய்டு மாத்திரைதான். டெக்ஸாமெத்தசோன் என்ற பெயரில் வரும் இந்த வெள்ளை மாத்திரை வாந்தியைத் தடுக்கும், ஒவ்வாமையைத் தணிக்கும், மூளை வீக்கத்தை வடியச் செய்யும். சில இரத்தப் புற்றுநோய்களில் அதுவே சிகிச்சையின் ஓர் அங்கம். அற்புதமான மருந்துதான். ஆனால் அதை விழுங்கியவர் இரவு மூன்று மணிக்கு எழுந்து வீட்டைத் துடைப்பார். பசி பசி என்பார். விடாமல் பேசுவார். குழம்பில் உப்புக் குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிடுவார். நாற்பது ஆண்டுகள் அதிர்ந்து பேசாத மனிதர் மனைவியை "நீ என்ன எனக்குச் சொல்வது" என்று பிள்ளைகள் எதிரில் கேட்டுவிடுவார். சிலருக்கு நேர்மாறாக, காரணமில்லாமல் அழுகை வரும். சிலர் யாரோ தம்மைக் கண்காணிப்பதாகச் சந்தேகப்படுவதும் உண்டு.

இது அளவைப் பொறுத்தது. பிரட்னிசோன் என்ற ஸ்டெராய்டை வைத்து பாஸ்டன் நகரில் எடுத்த பழைய கணக்கு ஒன்று 1972ல் வெளியானது. நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் போகாதவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கே மனநிலைப் பாதிப்பு கண்டது. 80 மில்லிகிராமைத் தாண்டியவர்களில் அது 18.4 விழுக்காடாக உயர்ந்தது. டெக்ஸாமெத்தசோன் அதைவிடப் பல மடங்கு வீரியமானது. அதில் 6 மில்லிகிராம், பிரட்னிசோனில் 40க்குச் சமம். மூளை வீக்கத்துக்கு ஒரு நாளில் 16 மில்லிகிராம் வரை தருவதுண்டு.

மாத்திரையைக் காலையிலோ மதியத்துக்குள்ளோ போட்டுக்கொண்டால் தூக்கம் அவ்வளவாகக் கெடாது. நேரத்தை மாற்றலாமா என்று தாதியிடமே கேட்கலாம். கோபம் எல்லை மீறினால் மருத்துவர் அளவைக் குறைப்பார். வீட்டில் இருப்பவர்களே "இந்த மாத்திரையால்தான் எல்லாம்" என்று ஒரே நாளில் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. சில வாரங்கள் சாப்பிட்டவரின் உடல், தானே சுரக்கவேண்டிய ஸ்டெராய்டைச் சுரக்காமல் விட்டிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல்: இந்த மாத்திரை சர்க்கரையை மளமளவென்று ஏற்றும். சர்க்கரை மிக அதிகமானால் அதுவே புத்தித் தடுமாற்றத்தைக் கொண்டுவரும்.

கெர்ஷ்வினுக்கு வந்த வாடை

கட்டி மூளையிலேயே இருந்தால் நடத்தை மாற்றமே முதல் அறிகுறியாக வரக்கூடும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் கதை இதற்கு உதாரணம். 1937ஆம் ஆண்டு அவருக்குத் தலைசுற்றலும் கடுமையான தலைவலியும் வந்தன. ரப்பர் எரிவதுபோன்ற வாடை, யாருக்கும் வராத வாடை, அவருக்கு மட்டும் வந்தது. சிடுசிடுத்தார், கைப்பொருளைத் தவறவிட்டார். ஜூன் மாதம் மருத்துவமனையில் சில நாட்கள் வைத்துப் பார்த்தும் கட்டி புலப்படவில்லை. ஹிஸ்டீரியாவாக இருக்கலாம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூலை 9ஆம் தேதி நினைவிழந்தார். அவசரமாக அறுவை செய்தபோது மூளையின் வலப்பக்கம் பெரிய கட்டி இருந்தது. ஜூலை 11ஆம் தேதி இறந்தார். வயது 38. மூளையைப் படம் பிடித்துக் காட்டும் ஸ்கேன் கருவிகள் அன்று இல்லை. இன்று அந்தச் சாக்கு யாருக்கும் கிடையாது.

நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயும் மூளைக்குப் பரவக்கூடியவை. இந்நோய்களுக்குச் சிகிச்சை பெற்றவர், ஆண்டுகள் சில கழிந்த பிறகானாலும், எதிலும் பற்றில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கத் தொடங்கினாலோ, கூச்சமின்றிப் பேசத் தொடங்கினாலோ, காலையில் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கட்டி வேறெங்கோ இருந்து மூளையைக் கலக்குவதும் உண்டு. 2007ல் ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 12 பெண்களின் கதையை வெளியிட்டனர். பெரும்பாலும் இளவயதினரான இவர்களுக்குத் திடீரெனப் பயம், பிதற்றல், இல்லாததைக் காண்பது, வலிப்பு என்று வந்திருந்தது. அவர்களில் 11 பேருக்குக் கருப்பையின் பக்கத்திலுள்ள சூலகத்தில் கட்டி இருந்தது. ஒருவருக்கு நெஞ்சுக்குள் இருந்தது. அந்தக் கட்டியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், ஆள் மாறி மூளையைத் தாக்கியிருந்தது. கட்டியை எடுத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் இந்நோயாளிகளில் பெரும்பாலோர் தேறுகிறார்கள். கன்னிப்பெண் ஒருத்தி ஒரு வாரத்தில் ஆளே மாறிவிட்டாள் என்றால் நம்மவர்கள் முதலில் எங்கே கூட்டிப்போவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாமிக்கு வேண்டிக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போகும் வழியில் வேண்டிக்கொள்ளலாமே!

ஒரே நாளில் வரும் குழப்பம்

நம் பாட்டிமார் 'ஜன்னி கண்டுவிட்டது' என்பார்கள். காய்ச்சலில் பிதற்றுபவரைப் பற்றிய பேச்சு அது. இன்று மருத்துவர்கள் 'டெலிரியம்' என்று சொல்வது இதைத்தான். நேற்று மாலை வரை தெளிவாகப் பேசியவர் இன்று காலை தம் வீட்டையே வேறு வீடு என்கிறார். சுவரில் பூச்சி ஊர்வதாகக் கையால் தட்டுகிறார். செத்துப்போன அம்மா வந்து கூப்பிடுவதாகச் சொல்கிறார். பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார். ஒரு மணி நேரம் தெளிவாக இருப்பார், அடுத்த மணி நேரம் குழம்புவார். 'நல்லாத்தானே பேசுகிறார்' என்று வீட்டில் ஏமாந்துபோவது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

கூச்சலிடுபவரையாவது யாராவது கவனிப்பார்கள். சத்தமில்லாத ஜன்னியும் இருக்கிறது. அவர் பேசாமல் படுத்திருப்பார், கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்வார், சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்திருப்பார். "பாவம், களைப்பு, தூங்கட்டும்" என்று போர்த்திவிடுவார்கள். அதிகம் தவறவிடப்படுவது இந்த வகைதான்.

காரணங்கள் பல. கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமி தொற்றினால் குழப்பம் வரும். 38 பாகைக்கு மேல் காய்ச்சல் இருந்தால் மறுநாள் சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எலும்பில் நோய் பரவினாலும், வேறு சில புற்றுநோய்களிலும், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். அப்போது தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம், பிறகு புத்தித் தடுமாற்றம் என்று வரிசையாக வரும். நுரையீரலில் வரும் ஒருவகைப் புற்றுநோய் இரத்தத்திலுள்ள உப்பைக் குறைத்துவிடும். கல்லீரலோ சிறுநீரகமோ தளர்ந்தால் கழிவு தேங்கி மூளையை மயக்கும். வயதானவர்களுக்கு நாலு நாள் மலம் போகாததும், சிறுநீர் அடைத்துக்கொண்டதும்கூடப் போதும். இஃபோஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து ஏறிய சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குழப்பம் தரலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதற்கு முறிவாக மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தையே ஊசியாகக் கொடுப்பதும் உண்டு.

வலிக்குத் தரும் மார்ஃபின்மீது நம் குடும்பங்களில் பெரும் பயம் இருக்கிறது. அப்பா உளறினால் உடனே அதை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். மார்ஃபினால் குழப்பம் வருவது உண்மைதான், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் அதிகம். ஆனால் அடக்கப்படாத வலியும் மனிதரைப் பிதற்றவைக்கும். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நோய் முற்றியவர்களிடம்கூட ஏறக்குறைய பாதி முறை இந்தக் குழப்பத்தைத் தெளியவைக்க முடிகிறது. கடைசி நாட்களில் வரும் குழப்பம் தெளியாமல் போகலாம். அப்போதும் அமைதிப்படுத்த வழிகள் உண்டு.

பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியதும் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் போட்டுவிட வேண்டும். கண்ணில் படும்படி கடிகாரம் இருக்கட்டும், பகலில் சன்னல் திறந்திருக்கட்டும், இரவில் சிறு விளக்கு எரியட்டும். தெரிந்த முகங்கள் மாறி மாறி உட்கார்ந்திருந்தால் போதும். பத்துப் பேர் கூடி நிற்க வேண்டாம். "அம்மா எப்போதோ செத்துவிட்டார்களே, என்ன பேசுகிறீர்கள்?" என்று வாதாடுவதால் பயன் இல்லை. "நான் இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், இன்றைக்கு வெள்ளிக்கிழமை" என்றால் போதும்.

கையெழுத்தில் தெரியும் நோய்

அண்மைக் காலச் சிகிச்சைகள் மூளைக்குப் புதிய சோதனைகளைக் கொண்டுவந்துள்ளன. நோயாளியின் எதிர்ப்பு அணுக்களை எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் 'கார்-டி' சிகிச்சையில், முதல் சில வாரங்களில் பேச்சும் புத்தியும் தடுமாறக்கூடும். அதைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளியது. நாள்தோறும் நோயாளியிடம் ஆண்டு, மாதம், ஊர், மருத்துவமனை ஆகியவற்றைக் கேட்பார்கள். மூன்று பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். சொன்னபடி செய்கிறாரா என்று பார்ப்பார்கள். 100இலிருந்து பத்துப் பத்தாகப் பின்னோக்கி எண்ணச் சொல்வார்கள். ஒரே வாக்கியத்தைத் தினமும் எழுதவைப்பார்கள். நேற்றைய கையெழுத்தையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பேச்சில் தெரியாத தடுமாற்றம் எழுத்தில் தெரிந்துவிடும். நோயெதிர்ப்பு மருந்துகளில் வேறு சில, தைராய்டையும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியையும் தாக்கி, சோர்வையும் மந்தத்தையும் கொண்டுவரும். சுரப்புநீர் மாத்திரை கொடுத்தால் ஆள் பழையபடி ஆகிவிடுவார்.

விந்துச் சுரப்பிப் புற்றுநோய்க்கு ஆண் சுரப்புநீரை அடக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு உடல் சூடு, எரிச்சல், களைப்பு, காரணமில்லாத கண்ணீர் வரலாம். தாத்தா தொலைக்காட்சி நாடகம் பார்த்து அழுகிறார் என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்யாமல் இருந்தால் சரி. மனச்சோர்வு தனியாகவும் வரும். அதற்கு நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் எடுப்பவர்கள் பரோக்செட்டின், ஃபுளுவோக்செட்டின் ஆகிய மனச்சோர்வு மாத்திரைகளைச் சேர்த்து எடுப்பதை மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். தமோக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவுக்கு மாறுவதை அவை தடுக்கக்கூடும். வேறு மாத்திரைகள் இருக்கின்றன. புற்றுநோய் மருத்துவருக்கும் மனநல மருத்துவருக்கும் ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருவரையும் வெவ்வேறு இடங்களில் பார்ப்பவர்கள் மருந்து உறைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லலாம்.

நோயாளிகள் பலர் தம் மறதியை மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ, வேலையை விட்டு நீக்கிவிடுவார்களோ, வண்டி ஓட்ட விடமாட்டார்களோ என்று பயப்படுகிறார்கள். மருத்துவரின் அறையில் ஐந்து நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசிவிட்டு வந்துவிடுவார்கள். அதனால் உடன் செல்பவர் எழுதிக்கொண்டு போவது உதவும். மாற்றம் எந்தத் தேதியில் தொடங்கியது, மெல்ல வந்ததா ஒரே நாளிலா, பகலிலா இரவிலா, அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த மாத்திரை என்ன, நிறுத்தியது என்ன, காய்ச்சல் இருந்ததா, கடைசியாக எப்போது மலம் போனது, வீட்டில் நாட்டு மருந்தோ நேரடி விற்பனைப் புட்டியோ ஏதாவது கொடுத்தார்களா என்பவை அதில் இருக்க வேண்டும். நோயாளியின் எதிரிலேயே குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்று தயங்குபவர்கள், அந்தத் தாளை உள்ளே போவதற்கு முன் தாதியிடம் கொடுத்துவிடலாம்.